லினக்ஸில் டிபக்கர் தொடங்க மறுத்தால்

கேரள அரசுப் பள்ளிகளில் கணினிப் பாடம் லினக்ஸில்தான் நடக்கிறது. அதற்காகக் கைட் நிறுவனம் வழங்கும் இயங்குதளம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது. ஆகவே பூவார், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து நம் பிள்ளைகளுக்குக் கல்லூரி சேரும்போதே லினக்ஸ் பழகியிருக்கும். ஆனால் 'சி' மொழியில் நிரல் எழுதி, அதில் பிழை தேட ஜிடிபி என்னும் டிபக்கரைத் தொடங்கினால் சில சமயம் அது அசைவதில்லை. உடனே லினக்ஸையே அழித்துப் புதிதாக ஏற்றிவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு மாணவருக்கு அதில் ப்ராஜெக்ட் முழுவதும் போயிற்று. குறை என்னவென்றால், ஜிடிபி அவர் கணினியில் நிறுவப்படவே இல்லை!

ரயில்வேயில் சிக்னல் விளக்கு எரியாவிட்டால் கம்பத்தைப் பிடுங்கிப் புதிது நடுவதில்லை. மின்சாரம் எதுவரை வந்திருக்கிறது என்று பெட்டி பெட்டியாகப் பார்த்துக்கொண்டே போவோம். இங்கும் அதுவே வழி.

முதலில் விஷுவல் ஸ்டுடியோ கோட் போன்ற எடிட்டரை மூடிவிட்டு, டெர்மினலில் ஜிடிபி என்று மட்டும் தட்டுங்கள். 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று வந்தால் ஆப்ட் மூலம் நிறுவ வேண்டியதுதான். டெர்மினலில் தொடங்கி எடிட்டரில் மட்டும் தொடங்காவிட்டால், ஜிடிபி இருக்கும் இடம் எடிட்டரின் அமைப்பில் தவறாக எழுதப்பட்டிருக்கும். 'விச்' கட்டளை சரியான இடத்தைச் சொல்லும்.

அடுத்தது உங்கள் நிரல். 'நோ சச் ஃபைல்' என்றால் கம்பைல் ஆகவில்லை, அல்லது நீங்கள் வேறு ஃபோல்டரில் நிற்கிறீர்கள். டிபக்கர் தொடங்கியும் வரி எண்கள் தெரியாவிட்டால், கம்பைல் செய்யும்போது சிறு கோடும் 'ஜி' எழுத்தும் சேர்க்கத் தவறியிருப்பீர்கள்.

பலரும் தடுமாறுவது மூன்றாவதில். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரலுடன் ஜிடிபியை இணைக்கும்போது, 'பிட்ரேஸ்: ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்' என்று வரும். இது கோளாறே அல்ல, காவல். ஒரு நிரல் இன்னொன்றின் நினைவகத்தைப் படிக்க முடிந்தால் கடவுச்சொற்களையும் படிக்கலாம் அல்லவா? அதனால் உபுண்டு 2010-இல் 10.10 பதிப்பிலேயே இதற்குப் பூட்டுப் போட்டது. 2012-இல் அது 'யாமா' என்ற பெயரில் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே வந்தது.

'பிட்ரேஸ் ஸ்கோப்' என்னும் எண் இந்தப் பூட்டின் நிலையைக் காட்டும். 0 என்றால் உங்கள் நிரல்களுக்குள் தடையில்லை. உபுண்டுவில் வழக்கமாக இருப்பது 1. அதில் டிபக்கர் தானே தொடங்கிய நிரலை ஆராயலாம். வெளியே ஓடுவதைத் தொட முடியாது. ஆகவே நிரலை ஜிடிபிக்குள்ளிருந்தே தொடங்குங்கள், பெரும்பாலும் அதுவே போதும். முடியாதபோது 'சூடோ' போட்டு இணைக்கலாம். எண்ணைத் தற்காலிகமாக 0 ஆக்கினாலும் மறுதொடக்கத்தில் பழைய நிலை திரும்பிவிடும். நிரந்தரமாக 0 ஆக்குவது எனக்குச் சம்மதமில்லை. இன்டர்லாக்கைக் கழற்றிவிட்டு யாரும் வண்டி ஓட்டுவதில்லை.

2 என்றால் நிர்வாகிக்கு மட்டும் அனுமதி. 3 என்றால் இணைக்க எவருக்கும் அனுமதியில்லை. மறுதொடக்கம் செய்யும்வரை நிர்வாகியாலும் அதை மாற்ற முடியாது. கல்லூரி ஆய்வகத்தில் இந்த எண்களைக் கண்டால் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.