மண்ணைத் தொட்டால் மனம் ஆறும்

எண்பதுகளில் எம்மவர் பலர் ஜேர்மன் மண்ணில் முதலில் கால் வைத்தது ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில்தான். அங்கிருந்து ரயிலேறி மேற்கு பேர்லினுக்கு வந்தார்கள். போரின் காயத்தை யாரிடமும் சொல்லாமல் வேலைக்குப் போன அந்தத் தலைமுறையில் பலர் இன்று ஓய்வு பெற்று, தொலைக்காட்சியின் முன் பேச்சின்றி இருக்கிறார்கள்.

கோட்டிங்கன் நகருக்கு அகதிகளாக வந்த பொஸ்னியப் பெண்களிடம் எதை இழந்து தவிக்கிறீர்கள் என்று கேட்டபோது, "எங்கள் தோட்டங்களை" என்றார்களாம். அதிலிருந்துதான் 1996இல் அங்கே பல நாட்டவரும் சேர்ந்து பயிரிடும் சர்வதேசத் தோட்டங்கள் பிறந்தன. ஜன்னலில் மரம் தெரிந்த நோயாளிகள், செங்கற்சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர்களைவிட விரைவாக வீடு திரும்பியதாக அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984இல் எழுதினார். தலவிருட்சத்தை வலம் வரும் நமக்கு இது புதுமையல்ல.

முருங்கை இங்கத்தைய பனிக்குத் தாங்காது. வெந்தயமும் கொத்தமல்லியும் பால்கனித் தொட்டியிலேயே முளைக்கும். விதையைப் பேரப்பிள்ளை தூவட்டும், எப்படி என்று அம்மம்மா சொல்லட்டும். ஊர்க்கதை தானாக வரும். வராவிட்டால் தோண்டிக் கேட்காதீர்கள். தூக்கமின்மையும் பயமும் நீடித்தால் வைத்தியரிடம் போவதே முறை. தோட்டம் மருந்துக்குத் துணைதான். காட்டுக்குப் போய்வந்தால் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பிலும் காதின் பின்னும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று அன்றே பாருங்கள்.