தமிழ் வழியே ஜப்பானியம்: ஒரு முதற் பாடம்

நமது நாட்டில் க.பொ.த. உயர்தரத்தில் ஜப்பானிய மொழியும் ஒரு பாடம். பரீட்சைக்காக அன்றி, ஆர்வத்தினால் நாலு சொல் அறிய விரும்பும் மாணவிகளும் உள்ளனர். அவர்கள் பெரும்பாலும் ஆங்கிலக் கையேட்டையே தேடுகின்றனர். ஆனால் இம்மொழிக்குள் நுழையத் தமிழே நேரான வாசல்.

ஒலி

ஜப்பானிய உயிர்கள் ஐந்து: அ, இ, உ, எ, ஒ. நம்மைப் போலவே குறிலும் நெடிலும் அங்கே பொருளை மாற்றும். ‘ஒபஸன்’ என்றால் மாமி; ‘ஒபாஸன்’ என்றால் பாட்டி. ‘ஒஜிஸன்’ மாமா, ‘ஒஜீஸன்’ பாட்டன். ஆங்கில எழுத்தில் நழுவிவிடும் இவ்வேறுபாட்டைத் தமிழெழுத்து தெளிவாகக் காட்டும்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. இடையில் வரும் க, த இரண்டையும் ‘கல்’, ‘தலை’ என்பவற்றில் போல வன்மையாக ஒலிக்க வேண்டும். லகரம் அங்கே இல்லை. ரகரமே அதன் இடத்தில் வரும். எனவே ஹலால் ‘ஹராரு’ ஆகிறது.

இது, உது, அது

ஆங்கிலத்தில் சுட்டு இரண்டு; ஜப்பானியத்தில் மூன்று. பேசுபவரிடம் உள்ளது ‘கொரெ’, கேட்பவரிடம் உள்ளது ‘ஸொரெ’, இருவருக்கும் தூரத்தில் உள்ளது ‘அரெ’. யாழ்ப்பாணப் பேச்சில் இன்றும் வழங்கும் இது, உது, அது இம்மூன்றையும் விளக்கிவிடும். இடத்துக்கும் அப்படியே: கொகொ (இங்கே), ஸொகொ (உங்கே), அஸொகொ (அங்கே).

வாக்கியம்

மிஸு ஒ நொமிமஸ் - தண்ணீரைக் குடிக்கிறேன்.
மிஸு ஒ நொமிமஸ் க? - தண்ணீரைக் குடிக்கிறீர்களா?
சுரிரன்க கர கிமஷ்த - இலங்கையிலிருந்து வந்தேன்.

‘மிஸு’ என்பதன் ஸுவை ‘ஸகாத்’ என்பதன் முதலொலி போல ஒலிக்கவும். ‘ஒ’ நமது இரண்டாம் வேற்றுமை ‘ஐ’; ‘கர’ நமது ‘இலிருந்து’; ஈற்றில் வரும் ‘க’ நமது வினா ‘ஆ’. உருபு பெயருக்குப் பின்னும் வினை இறுதியிலும் நிற்பதால் சொற்களை இடம்மாற்ற வேண்டியதில்லை. வேறுபாடும் உண்டு: ஜப்பானிய வினை திணை, பால், எண், இடம் காட்டாது. நான், அவள், அவர்கள் எல்லோருக்கும் ‘நொமிமஸ்’தான்.

உணவு மேசையில் நமக்கு அவசியமான வினா: ‘கொரெ வ ஹராரு தெஸ் க?’ - இது ஹலாலா? ‘வ’ பேசும் பொருளைச் சுட்டும். ‘தெஸ்’ என்பதன் தகரத்தைப் ‘பந்து’ என்பதில் போல மென்மையாக்குக. விடை ‘ஹை’ என்றால் ஆம்; ‘ஈயெ’ என்றால் இல்லை.

மரியாதை

தோழிக்குக் காலை வணக்கம் ‘ஒஹயோ’ போதும். ஆசிரியைக்கு ‘ஒஹயோ கொஸைமஸ்’ என்று நீட்ட வேண்டும். (இங்கே ‘கொ’ ‘தங்கம்’ என்பதன் ககரம் போல மெலியும், ‘ஸை’ ஸகாத்தின் ஒலி பெறும்.) பிறர் பெயருடன் ‘ஸன்’ சேர்ப்பது மரியாதை. தன் பெயருடன் அதைச் சேர்ப்பதில்லை: ‘பாத்திமா தெஸ்’ என்றே அறிமுகமாக வேண்டும். நீ, நீங்கள் அறிந்த நமக்கு இது புதிதன்று.

உறவா, ஒப்புமையா?

இவ்வொற்றுமைகளைக் கண்ட ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ, தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டென வாதிட்டார். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. நாமும் பெருமைக்காக அதைப் பற்றிக்கொள்ள வேண்டாம். உறவு இல்லாவிட்டாலும் ஒப்புமை உதவும்.

பயிற்சி

மேலே உள்ள வாக்கியங்களின் துணையுடன் இவற்றை ஜப்பானியத்தில் சொல்லிப் பாருங்கள்: அது தண்ணீரா? உது ஹலாலா? இங்கிருந்து வந்தேன்.