தந்தி கொடுத்துத் தேடிய வால்மீன்

1689 டிசம்பர் மாதம். புதுச்சேரியில் தங்கியிருந்த ரிஷோ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், ஒரு வால்மீனைத் தொலைநோக்கியால் கவனித்து வந்தார். அப்போது பிரகாசமான விண்மீன் ஒன்றையும் பார்த்தார். வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்த அது, தொலைநோக்கியில் இரண்டாகத் தெரிந்தது! அதுதான் ஆல்பா சென்டாரி. பாரிசிலோ லண்டனிலோ அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. புதுச்சேரியில் மே மாத இரவுகளில் தெற்கே தாழ்வாக நீங்களே அதைக் காணலாம்.

விண்மீன் இரண்டாகத் தெரிந்தது சரி. வால்மீனே இரண்டாகிவிட்டால்? அந்தக் கதையிலும் நம் தென்வானத்துக்குப் பங்கு உண்டு.

1826-இல் பியேலா என்பவர் கண்ட வால்மீன், ஏறக்குறைய ஆறே முக்கால் ஆண்டுகளுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றி வந்தது. 1846-இல் வந்தபோது அது இரண்டாகப் பிளந்திருந்தது. 1852-இல் இரு துண்டுகளும் சுமார் 24 லட்சம் கி.மீ. விலகியிருந்தன. அதன் பிறகு யாரும் அதைக் காணவில்லை.

வால்மீன் ஏன் உடைகிறது? அது கெட்டியான பாறை அன்று. பனிக்கட்டியும் தூசியும் நெகிழ்வாக ஒட்டிய உருண்டை. சூரியனை நெருங்கும்போது பனி ஆவியாகிப் பீறிடுகிறது. தீபாவளித் தரைச்சக்கரம் நெருப்பைக் கக்கிக்கொண்டு சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல வால்மீனும் சுழலத் தொடங்கும். வேகம் மிகுந்தால் சிதறிவிடும். பெரிய கோளின் அருகே போனாலும் ஆபத்துதான்: கோளுக்கு அருகிலுள்ள பக்கம் அதிகமாகவும், மறுபக்கம் குறைவாகவும் இழுக்கப்படுவதால் உருண்டை பிய்ந்துவிடும். ஷூமேக்கர்-லெவி 9 அப்படித்தான் உடைந்தது. 1993 மார்ச்சில் அதைக் கண்டபோதே அது மணிமாலை போல வரிசையான துண்டுகளாக இருந்தது. துண்டுகளின் பாதைகளைப் பின்னோக்கிக் கணக்கிட்டார்கள். 1992 ஜூலையில் வியாழனை ஒட்டிச் சென்றபோது உடைந்தது என்று தெரிந்தது. முன்னோக்கிக் கணக்கிட்டால், அவை வியாழன் மீதே மோத வேண்டும்! 1994 ஜூலையில் அப்படியே மோதின.

ஆனால் பியேலாவின் துண்டுகளோ கண்ணுக்கே அகப்படவில்லை. 1872 நவம்பர் 27 இரவு, பூமி அந்த வால்மீனின் பாதையைக் கடந்தபோது எரிகற்கள் மழையாகப் பொழிந்தன. உடைந்த வால்மீனின் தூள்தான் அது. மிச்சமுள்ள பெரிய துண்டும் பூமியை உரசிச் சென்றிருக்குமோ? ஜெர்மனியில் கோட்டிங்கன் நகர வானியலார் கிளிங்கர்ஃபியூஸ் இப்படி நினைத்தார். வடக்கிலிருந்து வரும் ரயில் நம்மைத் தாண்டிவிட்டால், அதைத் தெற்கே பார்த்துத்தானே தேடுவோம்? எரிகற்கள் வந்த திசைக்கு நேர் எதிர்த்திசையில் சென்டாரஸ் விண்மீன் கூட்டம் இருந்தது. ரிஷோ கண்ட இரட்டை விண்மீனும் அதே கூட்டத்தைச் சேர்ந்ததுதான். ஐரோப்பாவிலிருந்து தேட வசதியில்லாத பகுதி அது. உடனே சென்னை வானாய்வுக் கூடத்தின் தலைவர் நார்மன் போக்சனுக்குத் தந்தி பறந்தது: "தீட்டா சென்டாரி அருகே தேடுங்கள்."

டிசம்பர் மாதச் சென்னை வானம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஆயினும் மேகங்களுக்கு இடையே போக்சன் ஒரு வால்மீனைப் பிடித்துவிட்டார்! அடுத்தடுத்து இரண்டு நாள் விடியற்காலையில் அதன் இடத்தைக் குறித்துக்கொண்டார். பிறகு அது மீண்டும் அகப்படவில்லை.

இங்கேதான் சிக்கல். ஒரு வால்மீனின் பாதையைக் கணிக்க, வெவ்வேறு நேரங்களில் குறைந்தது மூன்று இடக்குறிப்புகள் வேண்டும். போக்சனிடம் இருந்தவை இரண்டே நாள் குறிப்புகள். பியேலாவின் கணக்குகளோடு ஒப்பிட்டபோது அவை பொருந்தவில்லை. தேடப்போனது ஒன்று, கிடைத்தது வேறொன்று. வால்மீன் பட்டியலில் போக்சன் கண்டதன் பெயர் 'எக்ஸ்' என்ற எழுத்தில் தொடங்குகிறது. பாதை கணிக்க முடியாதது என்று அதற்குப் பொருள்.