ஊர் பெயர்ந்ததன் காரணம்

சிரஞ்சீவி மருமகனுக்கு,

காரைக்கால் கீழவாஞ்சூர்த் துறைமுகத்தை அண்டித் தங்கியிருக்கும் வெளி மாநிலத் தொழிலாளர்களைக் கணக்கெடுக்கப் புறப்பட்டிருக்கும் நீ, ஒருவர் வேலையை நாடித்தான் ஊர் பெயர்ந்தாரா என்பதை எவ்விதம் நிச்சயிப்பது என்று கேட்டிருந்தாய்.

இந்த விசாரணை காரைக்காலுக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில், மேஸ்திரிமார் திரட்டிவந்த ஏழை ஜனங்கள் இக்கரையிலிருந்து ரெயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய காலத்தில், பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரரும் 1861-ல் செய்துகொண்ட உடன்படிக்கை, புறப்படுகிறவர் சுயேச்சையாகவும், போகும் இடத்தையும் ஒப்பந்தத்தின் தன்மையையும் அறிந்தும் சம்மதித்தாரா என்பதை பிரிட்டிஷ் ஏஜெண்டு ஒருவர் பரீட்சித்தறிய வேண்டுமென்று விதித்தது. விதி உத்தமமானதுதான், ஆயினும், பசியோடு வந்தவனிடம், கூட்டிவந்த மேஸ்திரியின் கண்ணெதிரே, "சம்மதந்தானா?" என்று கேட்டால், "சம்மதம்" என்பதைத் தவிர அவன் வேறென்ன சொல்லுவான்? ஆகையால், கூட்டிவந்த மேஸ்திரியோ கான்டிராக்டரோ அருகில் இல்லாத வேளை பார்த்துப் பேசு.

"வேலைக்காகவா வந்தீர்கள்?" என்று விடையையும் கேள்விக்குள்ளேயே வைத்துக் கொடுத்துவிடாதே. ஊரில் என்ன ஜீவனம் செய்தார், இவ்விடத்தைப் பற்றி முதலில் யார் சொன்னார்கள், ரயில் கட்டணம் யார் கொடுத்தது, வந்து எத்தனை நாளில் வேலை கேட்டுப் போனார் என்று, நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்ல விடு. காரணம் தானே வெளிப்படும். வேலையை நாடி வந்து, அது கிட்டாமல் திண்டாடுகிறவரும் வேலைக்காக வந்தவரே. பலன் கிட்டாமையால் நோக்கம் மாறிவிடாது. பிறிதொரு நிமித்தம் வந்து, பிற்பாடு கிடைத்த வேலையில் சேர்ந்தவர் அவ்விதமல்லர்.

ஸ்திரீகள் விஷயத்தில்தான் அதிக நிதானம் தேவை. ஊர் பெயர்ந்த காரணத்தை 1981 முதல் கேட்டுவரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 'திருமணம்', 'குடும்பத்தோடு வந்தது' என்ற தலைப்புகளுக்குள் அடங்கிவிடுகிறவர்களுள், புருஷனும் பெண்சாதியுமாகக் கூலிக்கென்றே புறப்பட்டு வந்தவர்களும் உண்டு. அப்பெண்களின் காரணத்தை அவர்கள் வாயாலேயே கேட்டு எழுது. புருஷன் சொன்னதை அவர்கள் கணக்கில் ஏற்றாதே.

இன்னொன்று: 1979-ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டம், கான்டிராக்டர் மூலமாக வந்தவரையே தன் பாதுகாப்புக்குள் சேர்த்தது; தாமாக வந்தவர்க்கும் இடமளித்தது 2020-ல் இயற்றப்பட்ட பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமே. ஆகவே, வந்த காரணத்துக்குப் பக்கத்தில் வந்த வழியையும் குறித்துக்கொள். விடை தெளியாவிடில், ஊகத்தால் இட்டு நிரப்பாமல், மறுநாள் ஷிப்டு முடிந்தபின் மீண்டும் போய்க் கேள்.

இப்படிக்கு,
உன் மாமா