சீட்டு மேசையில் இருக்கும்போதே

2025 ஜனவரி 10, வைகுண்ட ஏகாதசி அதிகாலையில் ஸ்ரீரங்கத்தில் பரமபத வாசல் திறந்தது. சேவித்துத் திரும்பிய உறவினர்களால் சித்திரை வீதி வீடுகள் அன்று பகலெல்லாம் நிரம்பியிருந்தன. ஏகாதசி விரதம் இருப்பவர்கள் இரவு கண்விழிக்க வேண்டும். அதற்குப் பரமபத சோபான படமும் தாயக்கட்டையும் உண்டு. ஒரு வீட்டுக் கூடத்தில் சீட்டுக்கட்டும் இறங்கியது. பெரியவர்களுக்கு ரம்மி அத்துப்படி. பெங்களூரிலிருந்து வந்த பிள்ளைகள் போக்கர் சொல்லிக்கொடுத்தார்கள். பணம் கிடையாது, ஆளுக்கு நூறு புளியங்கொட்டை.

இரவு இரண்டு மணிக்குச் சண்டை வந்தது.

நடுவில் ஐந்து சீட்டுகள் திறந்து கிடந்தன: டைமன் ராணி, இஸ்பேட் பத்து, ஆர்ட்டின் ஒன்பது, கிளாவர் எட்டு, இஸ்பேட் மூன்று. மருமான் கையில் பத்தும் ஒன்பதும். ஆக இரண்டு ஜோடி. அத்தை தன் இரண்டு சீட்டையும் ஒரு நொடி திறந்து, "எனக்கு ராணி ஜோடிதான்டா" என்று சொல்லிக் கட்டோடு சேர்த்துவிட்டார். நடுவில் சேர்ந்த கொட்டைக் குவியல் மருமானிடம் போனது. அடுத்த ஆட்டத்துக்குக் கலைத்த பிறகுதான் பக்கத்தில் இருந்த எட்டாம் வகுப்புச் சிறுமி கேட்டாள்: "அத்தை, உங்க இன்னொரு சீட்டு ஜாக்கிதானே?"

ஜாக்கி இருந்திருந்தால் எட்டு, ஒன்பது, பத்து, ஜாக்கி, ராணி என்று ஐந்தும் வரிசை. வரிசை இரண்டு ஜோடியை வெல்லும். அத்தைக்கு நிச்சயமாக நினைவில்லை. மருமான் ஒப்புக்கொள்ளவில்லை. சிறுமியிடம் ஆளுக்கு ஆள் குறுக்குக் கேள்வி கேட்டார்கள். அவள் அழுதுகொண்டே மாடிக்குப் போய்விட்டாள்.

பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் அந்த வீட்டுத் தாத்தா. நாற்பது வருஷமாக ரம்மி ஆடுகிறவர். கலைத்த கட்டைத் திரும்பப் பிரிக்க முடியாது, அதனால் கொட்டை மருமானிடமே இருக்கட்டும் என்று அவர் தீர்ப்புச் சொன்னார். "ஆனா அந்தக் கொழந்தைய அழவிட்டது நம்ம தப்பு. அவ பார்த்ததச் சொன்னா. நாமதான் சாட்சியக் கலைச்சுப் போட்டுட்டோம்" என்கிறார் இப்போதும். அன்றிலிருந்து அவர் வீட்டில் சில வழக்கங்கள் மாறின.

முதலாவது, வாய் சொல்வது கணக்கில்லை. சீட்டு சொல்வதே கணக்கு. இது உலகெங்கும் போக்கர் போட்டிகளில் உள்ள விதியும்கூட. 2001இல் தொடங்கிய டூர்னமென்ட் டைரக்டர்ஸ் அசோசியேஷன் என்ற நடுவர் அமைப்பு இதை எழுதியே வைத்திருக்கிறது. "ராணி ஜோடி" என்று அத்தை குறைத்துச் சொன்னாலும், சீட்டு மேசைமேல் திறந்து கிடந்தால் வரிசைதான் ஜெயிக்கும். தவறைப் பார்த்தவர் யாரானாலும், ஆட்டத்தில் இல்லாதவரானாலும், சொல்ல வேண்டும் என்கிறது அதே விதித்தொகுப்பு. அந்தக் கணக்கில் சிறுமி செய்தது முழுக்கச் சரி. ஆனால் அடுத்த ஆட்டத்துக்குக் கலைக்கத் தொடங்கிவிட்டால் பழைய ஆட்டத்தின் வழக்கு முடிந்தது என்பதும் அங்கே விதி.

அதனால் இப்போது எல்லோரும் சீட்டைத் திறந்து வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுகிறார்கள். நடுவில் ஐந்தும் கையில் இரண்டுமான ஏழு சீட்டிலிருந்து எந்த ஐந்து என்று ஒருவர் தொட்டுக் காட்டுகிறார், இன்னொருவர் சரிபார்க்கிறார். அதற்குப் பிறகே குவியலில் கை வைக்கலாம். புதியவர்கள் தடுமாறும் இடங்கள் இரண்டு. ஏஸ், இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்பது வரிசை. ராணி, ராஜா, ஏஸ், இரண்டு, மூன்று என்பது வரிசை ஆகாது. இன்னொன்று, இருவருக்கும் ஒரே ஜோடி வந்தால் மீதி மூன்று சீட்டில் பெரியது தீர்மானிக்கும். அந்த மூன்றும் ஒன்றாக இருந்தால் குவியல் சரிபாதி. மிஞ்சிய ஆறாவது, ஏழாவது சீட்டுக்கு மதிப்பே இல்லை.

குவியல் தகராறு பெரும்பாலும் ஒருவர் தன் கையிருப்பு முழுவதையும் வைக்கும்போது வருகிறது. ஓர் ஆட்டத்தில் தாத்தாவிடம் இருந்ததே 40 கொட்டை; அதை வைத்துவிட்டார். அத்தையும் மருமானும் ஆளுக்கு 100 வைத்தார்கள். மொத்தம் 240. தாத்தா ஜெயித்தால் அவருக்கு 240 கிடைக்காது. மூவரும் வைத்த நாற்பதுகள் சேர்ந்த 120தான் அவருக்கு. மீதி 120 அத்தைக்கும் மருமானுக்கும் இடையிலான தனிக்குவியல். இதை ஆட்ட முடிவில் பிரிக்கப் போனால் யார் எவ்வளவு வைத்தார் என்று யாருக்கும் தெரியாது. தாத்தா வைத்த அந்தக் கணமே இரண்டு கிண்ணத்தில் பிரித்துவிட வேண்டும்.

ரம்மியிலும் இதே பாடம்தான். பதின்மூன்று சீட்டையும் சேர்த்துவிட்டதாக ஒருவர் ஷோ காட்டினால், மற்றவர்கள் தங்கள் சீட்டைக் கீழே போடக் கூடாது. இரண்டு கட்டுச் சேர்த்து ஆடும்போது ஒரே ஆர்ட்டின் ஏழு இரண்டு தடவை வரும். அவற்றோடு இஸ்பேட் ஏழைச் சேர்த்து செட் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரே சீட்டு இரண்டு இருப்பதால் அது செட் ஆகாது. ஷோ தவறு என்றால் காட்டியவருக்கு 80 புள்ளி அபராதம். மூன்று பேரோ அதற்கு மேலோ ஆடினால் மற்றவர்கள் ஆட்டத்தைத் தொடர வேண்டியிருக்கும். அவர்களும் அவசரப்பட்டுச் சீட்டைத் திறந்திருந்தால் அது முடியாது.

1967இல் உச்ச நீதிமன்றம், செகந்திராபாத் கிளப் ஒன்றைப் பற்றிய வழக்கில், ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்றது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டியிருப்பதை அதற்கு ஒரு காரணமாகச் சொன்னது. அந்த நினைவாற்றல் ஆட்டத்துக்கு உதவும். வழக்குத் தீர்க்க அதை நம்பினால், அன்று அழுத சிறுமியின் கதைதான் மறுபடி நடக்கும்.

அதே 2025இல் டிசம்பர் 30 அன்று இன்னொரு வைகுண்ட ஏகாதசி வந்தது. அன்று இரவு அந்தக் கூடத்தில் இரண்டு ஆட்டங்களில் சீட்டைத் தவறாகப் படித்தார்கள். இரண்டையும் கட்டில் சேர்ப்பதற்கு முன்பே திருத்தினார்கள். தொட்டுக் காட்டிச் சரிபார்த்தவள் அந்தச் சிறுமி.