இருவாச்சிக்குப் பொந்து எங்கே?

மாணவர்களே, பேராக்கின் கிரிக்கிலிருந்து கிளந்தானின் ஜெலிக்குக் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் போயிருக்கிறீர்களா? சாலைக்கு வடக்கே அரச பெலும் மாநிலப் பூங்கா. 117,500 ஹெக்டர் பரப்புள்ள அது 2007இல் அரசிதழில் பதிவானது; அங்கே மரம் வெட்டக்கூடாது. தெற்கே தெமெங்கோர் வனக் காப்பகம். 'காப்பகம்' என்ற பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். உரிமம் பெற்று அங்கே மரம் வெட்டச் சட்டத்தில் இடமுண்டு.

மலாயில் எங்காங் எனப்படும் இருவாச்சிக்கு இந்தக் கோடு தெரியாது. நம் நாட்டின் 10 வகை இருவாச்சிகளும் இந்த இரு காடுகளிலும் வாழ்கின்றன. மரங்கொத்தியைப் போல மரத்தைக் குடைய இவற்றுக்குத் தெரியாது. கிளை முறிந்த இடத்தில் பூஞ்சை புகுந்து, உள்மரம் மக்கித் தானாக உண்டாகும் பொந்துதான் கூடு. பெண் பறவை உள்ளே போய் வாசலை அடைத்துக்கொள்ளும். ஒரு சிறு பிளவு மட்டும் மிஞ்சும். அதன் வழியே ஆண் பறவை அத்திப் பழம் ஊட்டும். தலைக்கவச இருவாச்சி இப்படி ஏறத்தாழ ஐந்து மாதம் அடைபட்டிருந்து ஒரே குஞ்சை வளர்க்கும். அந்நேரம் ஆண் பறவையை வேட்டைக்காரன் சுட்டால், உள்ளே இருப்பவையும் பிழைப்பது கடினம்.

ஒரு பறவை நுழையும் அளவு பொந்துக்குப் பருத்த முதிய மரம் வேண்டும். மரம் வெட்டுபவர் தேடுவதும் பருத்த மரத்தைத்தான். தேர்ந்தெடுத்து வெட்டும் முறையில், வெட்டிய இடத்துக்குச் சுமார் 30 ஆண்டு கழித்து மீண்டும் வருவார்கள். காடு அதற்குள் பச்சையாகிவிடும், உண்மைதான். ஆனால் பொந்துள்ள கிழ மரம் 30 ஆண்டில் வராது. மேலிருந்து எடுத்த படத்தில் பசுமையைப் பார்த்துவிட்டு 'காடு திரும்பிவிட்டது' என்பதை நான் ஏற்பதில்லை.

எந்த மரத்தில் பொந்து உண்டு, எந்த அத்தி எப்போது பழுக்கும் என்பதை அறிந்தவர்கள் இங்குள்ள ஜஹாய், தெமியார் பூர்வகுடி மக்கள். 1970களில் தெமெங்கோர் அணைக்காகப் பள்ளத்தாக்கு நீரில் மூழ்கியபோது, பலர் மறுகுடியேற்றக் கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். இன்று மலேசிய இயற்கைச் சங்கத்தோடு சேர்ந்து இருவாச்சிக் கூடுகளைத் தேடிக் கண்காணிப்பவர்களில் ஜஹாய் மக்களும் இருக்கிறார்கள். காட்டுக்குள் நடந்தே கற்ற அறிவு அது. எந்தப் பாடநூலிலும் கிடைக்காது.

சிந்திக்க: பழத்தைத் தின்ற இருவாச்சி விதையைத் தொலைவில் போடுகிறது. கூடு கட்ட இடமின்றித் தெமெங்கோரில் இருவாச்சிகள் குறைந்தால், கோடரி படாத பெலும் காட்டில் 50 ஆண்டுக்குப் பின் எந்த மரங்கள் குறையும்? காரணத்தோடு எழுதுங்கள்.