மழைக்காலமும் மிதிவண்டியும்

வடநாடுகளைப்போல் மைசூரில் பனி உறைந்து சாலையை மூடுவதில்லை. இங்கே மிதிவண்டிக்குச் சோதனையாக வருவது மழையே. ஏப்ரல் தொடங்கி நவம்பர் வரை அது விட்டுவிட்டுப் பெய்கிறது. மே, அக்டோபர் மாதங்களில் மிகுதியாகப் பெய்கிறது. மைசூர் மிதிவண்டியைப் போற்றும் நகரம். 'ட்ரின் ட்ரின்' என்னும் பொது மிதிவண்டித் திட்டம் இங்கு 2017ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. மழையிலும் மிதிவண்டியில் பள்ளிக்குச் செல்லும் மாணவர்கள், அதற்கேற்ற டயரையும் மட்கார்டையும் தேர்ந்தெடுக்க அறிந்திருத்தல் வேண்டும்.

டயர்

பெல்பாஸ்ட் நகரில் வாழ்ந்த கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப், 1888ஆம் ஆண்டு தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயரைச் செய்து பொருத்தினார். அன்றுமுதல் மிதிவண்டிப் பயணம் எளிதாயிற்று. எனினும், ஒரு டயர் தரையைத் தொடும் இடம் நம் உள்ளங்கையைவிடச் சிறியது. அச்சிறிய இடத்தை நம்பியே நாம் திரும்புகிறோம், நிற்கிறோம்.

ஆழமான கட்டைகள் கொண்ட டயரே மழைக்கு நல்லது என்று பலர் எண்ணுகின்றனர். அத்தகைய டயர் சேற்று நிலத்தை நன்கு கவ்வும். தார்ச்சாலையிலோ கட்டைகளின் முனைகள் மட்டுமே தரையைத் தொடுவதால் பிடிப்புக் குறையும். மகிழுந்தின் அகன்ற டயருக்கு நீரை வெளியேற்றப் பள்ளங்கள் தேவை. மிதிவண்டி டயர் குறுகியது, வளைந்த பரப்புடையது. ஆதலால் அது நீரைத் தானே ஒதுக்கிவிடும். தார்ச்சாலையில் செல்வோர்க்கு மெல்லிய கோடுகள் மட்டும் உள்ள டயரே ஏற்றது. பின்லாந்து நாட்டில் உறைபனிமேல் செல்வோர் சிறு உலோக முனைகள் பதித்த டயர்களைப் பயன்படுத்துகின்றனர். சாலை எத்தகையதோ, அதற்கேற்ப டயரும் மாறும்.

டயர் வாங்குமுன் அதன் பக்கவாட்டில் உள்ள எண்ணைப் படித்தல் வேண்டும். 47-559 என்று இருந்தால், 47 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம்; 559 என்பது டயர் பொருந்தி அமரும் ரிம்மின் விட்டம். '26 அங்குல டயர்' என்று கேட்டால் மட்டும் போதாது. 559, 590 ஆகிய இரு விட்டங்களுக்குரிய டயர்களையும் 26 அங்குலம் என்றே அழைப்பர். ஒன்றுக்குரிய டயர் மற்றொன்றில் பொருந்தாது.

காற்றின் அளவும் டயரின் பக்கத்தில் குறிக்கப்பட்டிருக்கும். அங்குள்ள உச்ச அளவுக்குச் சற்றுக் குறைவாக அடைத்தால் நனைந்த சாலையில் பிடிப்புக் கூடும். மிகவும் குறைத்தால் பள்ளத்தில் இறங்கும்போது டியூப் நசுங்கிப் பஞ்சராகும். உள்நூல் தெரியும் அளவுக்குத் தேய்ந்த டயரை உடனே மாற்றுக.

மட்கார்டு

சக்கரத்தின்மேல் வளைந்து நின்று சேற்றைத் தடுக்கும் தகடே மட்கார்டு. பின்சக்கரம் வாரி வீசும் நீர் சட்டையையும் புத்தகப்பையையும் நனைக்கும். முன்சக்கரம் வீசும் நீர் கால்களில் தெறிக்கும், சங்கிலியிலும் படியும். அந்நீரோடு வரும் மணல் எண்ணெயோடு கலந்து சங்கிலியை அரைத்துத் தேய்க்கும். எனவே மட்கார்டு நம் உடையை மட்டுமன்றி வண்டியையும் காக்கிறது.

மட்கார்டைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்றைக் கவனித்தல் வேண்டும். முதலாவது அகலம்: டயரைவிட ஏறத்தாழ 10 மில்லிமீட்டராவது கூடுதலாக இருத்தல் நன்று. இரண்டாவது நீளம்: முன் மட்கார்டு சக்கரத்தின் பின்புறமாகத் தாழ இறங்க வேண்டும், அதன் முனையில் ஒரு ரப்பர்த் துண்டைப் பொருத்தினால் கால்கள் நனையா. மூன்றாவது இடைவெளி: டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே ஒரு விரல் நுழையும் இடம் வேண்டும். இல்லையேல் மைசூர்ப் பகுதியின் செம்மண் சேறு இடையில் அடைத்துச் சக்கரத்தையே நிறுத்திவிடும்.

பழைய வண்டியும் புதிய வண்டியும்

மட்கார்டு இல்லாத கியர் வண்டியே அழகு என்று இளையோர் பலர் கருதுகின்றனர். வேலைக்குச் செல்லும் பெரியோர் ஓட்டும் கறுப்பு நிற வண்டியைப் பழையது என்று ஒதுக்குகின்றனர். சென்னையில் 1949ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் முதலியவை இத்தகைய வண்டிகளை நாடெங்கும் கொண்டு சேர்த்தன. முழு மட்கார்டு, சங்கிலியை மூடும் உறை, அகன்ற டயர் ஆகியன அவ்வண்டியில் உள்ளன. இவை மழையிலும் வெயிலிலும் நாள்தோறும் உழைப்போருக்காக அமைந்தவை. ஆனால் அதன் எஃகு ரிம் நனைந்தால் பிரேக் சரியாகப் பிடிக்காது. புதிய வண்டிகளின் அலுமினிய ரிம்மில் பிரேக் நன்கு பிடிக்கும். பழையதன் காப்பும் புதியதன் பிரேக்கும் ஒரே வண்டியில் சேர்ந்தால் அது மழைக்குச் சிறந்த வண்டியாகும்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்க இயலாத குடும்பங்கள் பல. அவர்கள் தேய்ந்த பிரேக் கட்டைகளை முதலில் மாற்றுக. அடுத்து முன்டயரை மாற்றுக. பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளிக்கலாம், முன்சக்கரம் வழுக்கினால் விழுவது உறுதி. அதன்பின் மட்கார்டு வாங்குக. நனைந்த சட்டை உலர்ந்துவிடும்; முறிந்த எலும்பு கூடப் பல வாரங்கள் ஆகும்.

சாமுண்டி மலை கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுடையது. மழையில் அத்தகைய இறக்கத்தில் வருவோர் முன்னதாகவே இரு பிரேக்குகளையும் மெல்ல அழுத்த வேண்டும். பிரேக் கட்டைகள் முதலில் ரிம்மின் நீரைத் துடைக்கும். அதன் பின்னரே பிடிக்கும். இதனை அறிந்தவர் வளைவு வரும்வரை காத்திரார்.

பயிற்சி

1. தார்ச்சாலைக்குக் கட்டைகள் கொண்ட டயர் ஏன் ஏற்றதன்று?
2. மட்கார்டு சங்கிலியை எவ்வாறு காக்கிறது?
3. உங்கள் வண்டியின் டயரில் உள்ள எண்ணை எழுதுக. அதற்கு எத்தனை மில்லிமீட்டர் அகலமுள்ள மட்கார்டு வேண்டும்?
4. பணம் குறைவாக இருக்கும்போது எதனை முதலில் மாற்ற வேண்டும்? காரணம் கூறுக.
5. தமிழில் 'மழை' என்பது கன்னடத்தில் 'மளெ' என வழங்கும். 'கோழி, ஏழு' ஆகிய சொற்கள் கன்னடத்தில் எவ்வாறு வழங்குகின்றன? ழகரத்தைத் திருத்தமாக ஒலித்துப் பழகுக.
6. உங்கள் வீட்டுப் பெரியோர் முதன்முதலில் ஓட்டிய மிதிவண்டியைப் பற்றிக் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.